மூன்று பேருக்கு

கடைக்காரக் கிழவர் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் வைத்த மூன்றாவது துப்பாக்கி மற்ற இரண்டையும்விடச் சின்னதாக இருந்தது. மெல்லிய ஒற்றைக் குழல். சிவபாலன் அதை எடுத்துத் தன் தோளில் வைக்கவில்லை. தோளுக்கு ஒரு சாண் கீழே, வெறும் காற்றில் பொருத்திப் பார்த்தான். முன்னால் யாரோ நிற்பதுபோலவும், அந்த ஆளின் உயரம் தனக்கு நன்றாகத் தெரியும் என்பதுபோலவும் இருந்தது அவன் பிடித்த விதம்.

"இது உதைக்குமோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். கிழவர் இல்லையென்று தலையாட்டினார்.

"இரட்டைக்குழல் உங்களுக்கு, ரைபிள் எனக்கு. இது ஆருக்கண்ணை? கங்காரு திருப்பிச் சுடுறதுக்கோ?" என்றான் தம்பி சிறிதரன்.

சிவபாலன் சிரிக்கவில்லை. "அவளின்ரை தோள் நோகக் கூடாதடா."

அண்ணி பவளம் செத்துப் பதினொரு மாதம். போன வருசம், எழுபத்தேழில், தமிழருக்கு எதிரான ஆவணிக் கலவரத்தில், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போன ரயிலில் அவளை ஏற்றிவிட்டது அண்ணைதான். ரயில் வந்து சேரவில்லை. அவளுடைய உடம்பும் கிடைக்கவில்லை. நெருப்பில் கறுத்துப்போன இரண்டு காப்புகள் மட்டும் ஒரு கடித உறையில் வந்தன. அதற்குப் பிறகுதான் சிவபாலன் மெல்பேர்னுக்கு வந்தான். தம்பியையும் கூப்பிட்டான். நகரத்துக்கு வெளியே ரோவிலில், சுற்றிவர மாட்டுப்புல்லைத் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு பழைய பண்ணைவீட்டை வாடகைக்கு எடுத்தான். அந்த வீட்டுக்குக் கீழே, முன்பு அப்பிள் அடுக்கி வைத்த ஒரு நிலவறை இருந்தது. அதற்காகவே எடுத்தான்.

கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிவபாலன் கணக்குச் சொல்லிக்கொண்டே கார் ஓட்டினான். அரிசி ஆறு மாதத்துக்கு. மைசூர்ப் பருப்பு, மீன் டின், உப்பு, மண்ணெண்ணெய், டெட்டோல், தண்ணீர் நாலு பீப்பா. எல்லாம் மூன்றால் பெருக்கப்பட்டிருந்தது.

"இஞ்ச ஆரண்ணை எங்களைத் தேடி வரப்போறான்?"

"அங்கையும் அப்பிடித்தானே சொல்லிக்கொண்டு இருந்தனாங்கள்."

சிறிதரன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தொழிற்சாலையில் கூட வேலைசெய்யும் பாஸ்கர் டாண்டினோங்கில் ஒரு அறை பார்த்து வைத்திருந்தான். திங்கட்கிழமை அங்கே போய்விட வேண்டும். சூட்கேஸ் கட்டிக் கட்டிலுக்குக் கீழே இருந்தது. சொல்வது மட்டும்தான் பாக்கி. இன்று சொல்லிவிடலாம், பின்னேரத் தேத்தண்ணியோடு சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் வசனத்தைத் திருப்பித் திருப்பிப் பழகினான்.

பின்னேரம் மூன்று மணிக்கு அரிசிச் சாக்கை இறக்குவதற்காக இருவரும் நிலவறைக்குப் போனார்கள். குசினியில், அடுப்புக்குப் பக்கத்துத் தரையில் இருந்த பலகைக் கதவுக்குக் கீழே பத்துப் படிகள், ஈரச் செங்கல், மண்ணெண்ணெய் நாற்றம், அதற்கு அடியில் எப்போதோ அழுகிய அப்பிளின் புளிப்பு. சுவரோரமாக மூன்று மெத்தைகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு எனாமல் கோப்பை. மூன்றாவது கோப்பைக்குள் அந்த இரண்டு காப்புகள். இரண்டாவது மெத்தையின் மேல் சிறிதரனின் சூட்கேஸ்.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்ல வேலை செய்தனி, நீயே கட்டி வைச்சிட்டாய்" என்றான் சிவபாலன். குரலில் கோபம் துளியும் இல்லை. "இண்டைக்கு ஒரு மணித்தியாலம் இருந்து பழகு. இருட்டு பழகவேணும். நான் மேலை பூட்டிப்போட்டு ஒரு மணித்தியாலத்தாலை வருவன். கேள்வி ஞாபகம் இருக்கோ?"

கேள்வியை அண்ணைதான் கண்டுபிடித்திருந்தான். கதவுக்கு எந்தப் பக்கம் நின்றாலும் மற்றப் பக்கத்தைப் பார்த்து 'அப்ப, போறியோ?' என்று கேட்கவேண்டும். எங்கட ஆள் என்றால் உயிர் போனாலும் 'போறன்' என்று சொல்லமாட்டான். அது கூடாத சொல். 'வாறன்' என்றுதான் சொல்லுவான். தங்களைக் கொல்லத் தேடி வருகிறவன் எவ்வளவு தமிழ் படித்திருந்தாலும் அந்த இடத்தில் பிழைவிடுவான் என்று அண்ணை நம்பினான். ரயில் யன்னலில் பவளம் கடைசியாகச் சொன்னதும் 'போட்டு வாறன்'தான். சொன்னவள் வருவாள்தானே என்று ஒருநாள் சோறு தின்றுகொண்டு சாதாரணமாகச் சொல்லியிருந்தான்.

"அண்ணை, எனக்கு ஒண்டு சொல்லவேணும்..."

சிவபாலன் அதற்குள் படியேறிப் போயிருந்தான். பலகைக் கதவு விழுந்தது. தாழ்ப்பாள் உரசியது. காற்று வரும் துவாரத்தை அண்ணை ஏற்கெனவே சாக்கால் அடைத்திருந்தான்.

முதலில் அது வெறும் இருட்டாகவே இருந்தது. சிறிதரன் தடவிச் சூட்கேஸைத் திறந்து, உள்ளே வைத்திருந்த கசெட் ரெக்கோடரை எடுத்தான். சனிக்கிழமைகளில் அம்மாவுக்குக் கசெட்டில் பேசி அனுப்புவது வழக்கம். பொத்தானை அமுக்கியதும் மிளகளவு சிவப்பு வெளிச்சம் ஒன்று எரிந்தது. அது போதும். பேசிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

"அம்மா, நான் சிறி கதைக்கிறன். சுகமா இருக்கிறன். இஞ்ச சரியான குளிர். அண்ணை நல்லா இருக்கிறார், கனக்கச் சாமான் வாங்குறார். அம்மா, நான் வேற இடம் மாறப்போறன். அண்ணைக்கு இன்னும் சொல்லேல்லை. அவரைத் தனிய விட்டிட்டுப் போறது பிழைதான், ஆனா எனக்குப் பயமா இருக்கு."

சொன்னதும் மனது கொஞ்சம் இலேசானது. சரியாகப் பதிந்ததா என்று சுற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தான். சிவப்பு வெளிச்சம் அணைந்தது. இருட்டுக்குள் அவனுடைய சொந்தக் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

அம்மா, நான் சிறி கதைக்கிறன்.

ம்.

அவன் மூச்சை நிறுத்தினான். நாடா உரசும் சத்தமாக இருக்கும்.

இஞ்ச சரியான குளிர்.

ம்.

கதை கேட்கும் ஒருவர் கொட்டும் 'ம்'. மெல்லிய, பொறுமையான, ஒரு பெண்ணின் 'ம்'. ஒவ்வொரு வசனத்துக்கும் ஒன்று. எனக்குப் பயமா இருக்கு என்ற இடத்தில் மட்டும் அது கொஞ்சம் நீண்டது, கிட்ட வந்தது, ரெக்கோடரின் வாயோடு வாய் வைத்ததுபோல.

நிறுத்தினான்.

மண்ணெண்ணெய் நாற்றம் மாறியிருந்தது. அதற்குள் வேறொன்று. தலையில் வைக்கும் நல்லெண்ணெய். கருகிய பட்டு. மூன்றாவது மெத்தையின் வைக்கோல், யாரோ புரண்டு படுப்பதுபோல, மெதுவாக நொறுங்கியது. எனாமல் கோப்பைக்குள் காப்பு ஒன்றோடொன்று தட்டியது.

ஒரு தரம்.

இன்னொரு தரம்.

அவன் படிகளில் ஏறினான். கைகளாலும் முழங்காலாலும். தலை பலகையில் இடித்தது. அடித்தான். "அண்ணை! அண்ணை!"

மேலே சப்பாத்துகள் வந்து நின்றன. அண்ணையின் குரல், பாடம் கேட்கும் வாத்தியாரின் குரல்போல நிதானமாக.

"அப்ப, போறியோ?"

"போறன்! நான் போறன், திறவுங்கோ! எனக்கு இஞ்ச ஏலாது, நான் போறன்!"

தான் என்ன சொன்னான் என்பது சிறிதரனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆர் உள்ளுக்கு?" என்றான் சிவபாலன்.

"நான்தான் அண்ணை, சிறி!"

"சிறி அப்பிடிச் சொல்லமாட்டான்." இரட்டைக்குழலை மடக்கித் தோட்டா போட்டு மூடும் கிளிக் சத்தம். "என்ரை தம்பியை என்ன செய்தனி?"

"வாறன்! அண்ணை, வாறன்..." தொண்டைக்குள்ளிருந்து காற்று மட்டும்தான் வந்தது. சத்தம் வரவில்லை.

சத்தம் அவனுக்குப் பின்னால் இருந்து வந்தது. இரண்டு படி கீழே.

"வாறன்."

மேலே துப்பாக்கி தரையில் வைக்கப்பட்டது.

"பவளம்?"

தாழ்ப்பாள் இழுபட்டது. கதவு ஒரு முழம் உயர்ந்தது. அந்த வெளிச்சத்துக்குத் தாவ வேண்டும் என்று அவன் நினைத்தான். உடம்பு கேட்கவில்லை. அடுப்பைத் திறந்ததுபோல ஒரு சூடு அவனுடைய காதோரமாக, தோளோரமாக, மெல்ல உரசிக்கொண்டு மேலே போனது. கதவு விழுந்தது. தாழ்ப்பாள்.

கதிரை ஒன்று இழுபட்டது. "களைச்சுப் போனாய் என்ன" என்று அண்ணை யாரிடமோ கேட்டான். பதினொரு மாதமாக அண்ணையிடம் கேட்காத கனிந்த குரல் அது. பிறகு, "ஓம், உள்ளுக்குத்தான். சிறி மாதிரியே கதைக்குது."

நடை. இரண்டு பேருடைய நடை. பின்கதவு திறந்து மூடியது.

சிறிதரன் அரிசிச் சாக்குகளில் ஏறினான். துவாரத்துக்குள் கைவிட்டு அடைப்பை இழுத்தான். நகம் பிய்ந்தது. இழுத்தான். சாக்கு வந்தது.

பின்னேர வெயில். கம்பிக்கு அப்பால் புல். அண்ணையின் சப்பாத்துகள். பக்கத்தில் இரண்டு வெறுங்கால்கள், விறகுக் கரிபோல. புல்லில் அவை நின்ற இடம் மடங்கவில்லை. புகைந்தது. சின்னத் துப்பாக்கியின் அடிக்கட்டை அவற்றுக்கு அருகே ஊன்றியிருந்தது.

"உதைக்காது, பயப்பிடாதை" என்றான் அண்ணை மேலே எங்கோ.

கால்கள் திரும்பின. விரல்கள் துவாரத்தைப் பார்த்தன. முழங்கால்கள் மடிந்தன. ஒரு கை புல்லில் ஊன்றியது. கையெல்லாம் கறுப்பு. மணிக்கட்டில் மட்டும், காப்பு இருந்த இடத்தில், எரியாத தோலில் இரண்டு வெளிறிய வளையங்கள்.

முகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா" என்றான் சிறிதரன்.

"ம்."