உட்காராத படைத்தலைவர்

வெள்ளாற்று மணலில் அந்தி மயங்கிக்கொண்டிருந்தது. அக்கரையில் குன்றையூர்க் கோட்டை மதிலின்மேல் பந்தங்கள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்க, இக்கரையில் தம் கூடார வாசலில் நின்றபடியே அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார் படைத்தலைவர் மாதவரையர். விடிந்தால் அந்த மதிலைத் தாக்க வேண்டும்.

நின்றபடியே என்றேன் அல்லவா, வாசகர்களே? எட்டு நாளாக மனிதர் உட்காரவே இல்லை! கோட்டை விழும்வரை ஆசனம் ஏறுவதில்லை என்று சபதம் செய்திருக்கிறாராம். வீரர்கள் மெய்சிலிர்த்துப் பேசிக்கொண்டார்கள். சபதமாவது மண்ணாவது! இருபது நாள் ஓயாத குதிரைச் சவாரியும் காய்ந்த அவலும் அவருக்குக் கொடுத்த பரிசு மூலநோய். உட்கார்ந்தால் உயிர் போயிற்று.

அதுவே வினையாகவும் முடிந்தது. சமாதானம் பேச வந்தவர்கள் ஒரே பலகையில் அமர்ந்தால் நட்பு, அமர மறுத்தால் போர் என்பது அந்நாட்டு வழக்கம். ஐந்து நாட்களுக்கு முன் ஆற்றங்கரை மண்டபத்தில் கோட்டைத் தலைவர் வேள் கண்டனார் பலகையைக் காட்டியபோது, மாதவரையர் தூணைப் பற்றிக்கொண்டு நின்றே விட்டார். காரணம் சொல்ல நா எழவில்லை. சண்டை வேண்டாம் என்று எண்ணிப் போனவர், வெட்கத்தால் சண்டையை வாங்கி வந்துவிட்டார்.

நான்கு நாட்களுக்கு முன் பாசறைக்கு மருந்து விற்க வந்த பெண் ஒருத்தி, அவர் நின்ற நிலையைப் பார்த்தே நோயைச் சொல்லி, ஒரு சிமிழைக் கொடுத்திருந்தாள். துத்தியிலைச் சாற்றை ஆமணக்கெண்ணெயில் காய்ச்சி, தேன்மெழுகு கூட்டிய களிம்பு. இளவெந்நீரில் கழுவிவிட்டு இருவேளையும் மெல்லத் தடவச் சொன்னாள். குதிரையையும் மிளகையும் விலக்கச் சொன்னாள். இன்று மீண்டும் வந்திருந்தாள்.

"அமர்ந்து பாருங்கள், ஐயா."

மாதவரையர் பயந்து பயந்து மணையில் அமர்ந்தார். அப்பாடா! எரிச்சல் இல்லை. அவர் கண்கள் கலங்கிவிட்டன.

"என்ன கைம்மாறு வேண்டும், பெண்ணே?"

"நாளை மண்டபத்துப் பலகையிலும் இப்படியே அமர வேண்டும். கோட்டைத் தலைவரை அங்கே நான் அழைத்து வருகிறேன்."

அவர் கை வாளுக்குப் போயிற்று. "யார் நீ?"

அவள் முக்காட்டை விலக்கினாள். "வேள் கண்டனாரின் தங்கை. என் பெயர் அணுக்கி. அன்று திரைக்குப் பின்னால் இருந்தேன். மற்றவர்கள் உங்கள் செருக்கைக் கண்டார்கள். நான் உங்கள் நெற்றி வியர்வையைக் கண்டேன். என் தந்தையார் இதே நோயில் பட்ட பாட்டை அறிவேன்."

"தாக்குதலை ஏன் நிறுத்தினேன் என்று என் வீரர்கள் கேட்பார்களே! என்ன சொல்வேன்?"

"உள்ளதைச் சொல்லுங்கள்."

"மானம் போய்விடுமே, அம்மணி!"

"நாளை எத்தனை உயிர் போகும், ஐயா?"

மாதவரையர் அக்கரைப் பந்தங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு தளபதிகளை அழைத்தார்.

"நான் சபதம் ஏதும் செய்யவில்லை. எனக்கு மூலம். அதனால்தான் அன்று அமரவில்லை."

குதிரைப்படையின் நரைமீசைத் தளபதி மெல்லக் கனைத்தார்.

"அந்தச் சிமிழில் மீதி இருக்கிறதா, அம்மணி?"

விடியலில் போர்முரசு ஒலிக்கவில்லை. மாதவரையர் குதிரை ஏறாமல் நடந்தே மண்டபத்துக்குப் போய், வேள் கண்டனாரின் பக்கத்தில் பலகையில் அமர்ந்தார்.