பசிப்புல்

மூடுபனியில் குன்று முழுவதும் நனைந்து கிடந்தது. அந்தப் புல்திட்டு மட்டும் காய்ந்திருந்தது. அதில் கால் வைத்த பிறகுதான் மாலகி அதைக் கவனித்தார். தொலைந்த ஆட்டைத் தேடி வந்தவர். ஆடும் கிடைக்கவில்லை, மாலை வெளிச்சமும் மங்கிக்கொண்டிருந்தது.

மேலே ஏறும்முன் அடிவாரத்து வீட்டு கன்செப்டா வாசலில் நின்று ஒரு ரொட்டித் துண்டை நீட்டியிருந்தாள்.

"பையில போட்டுக்கோ மாலகி. மேல பசிப்புல் இருக்கு. உருளைக்கிழங்கு அழுகின பஞ்சத்துல செத்தவங்க விழுந்த இடம். மிதிச்சா பசி பிடிச்சுக்கும், கையில தின்ன ஏதாச்சும் இல்லாட்டி விடாது."

"என் தொப்பைக்கு ஒரு வருஷம் பட்டினி கெடந்தாலும் தாங்கும்" என்று ரொட்டியை வாங்க மறுத்தார்.

"அந்தப் புல்லும் உன்ன மாதிரிதான், சொன்ன பேச்சு கேக்காது. சரி, திரும்பி வந்து டீயாவது குடிச்சிட்டுப் போ."

"பாக்கலாம்."

மனைவி இறந்த பிறகு மூன்று ஆண்டுகளாக எல்லா அழைப்புக்கும் அவர் சொல்லும் பதில் அது. அன்போடு நீளும் கையைத் திருப்பி அனுப்புவதும் ஒரு பாவம் என்று அவர் நினைத்ததில்லை.

இப்போது வயிற்றுக்குள் ஏதோ வற்றியது. அழுகிய உருளைக்கிழங்கின் வாடை மண்ணிலிருந்து எழுந்தது. காற்றே இல்லாமல் புல் சலசலத்தது. காதருகே பல வாய்கள் வெறுமனே மெல்லுவதுபோல் மெல்லிய ஓசை கேட்டது. விழுந்தார். புல்லைப் பிடுங்கித் தின்றார். பசி கூடியது.

"கன்செப்டா!"

குரல் வரவில்லை. ஆனாலும் கீழே ஒரு விளக்கு கிளம்பி மேலேறியது.

"மாலகி! டீ ஆறிப்போச்சு. எங்கய்யா கெடக்க?"

அவள் கையில் ரொட்டி. ஒரே துண்டு.

அது போதும். எழ முயன்றார். உடல் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. புல் கண்மட்டத்தில் நின்றது. வலது கை மட்டும் வெளியே. அதைத் தூக்கினார்.

விளக்கு நின்றது. கன்செப்டா சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் பார்வை போன பக்கம் அவரும் பார்த்தார்.

கைகள். புல்லுக்குள்ளிருந்து. பனி மறைக்கும் தூரம்வரை.

"மாலகி," அவள் விளக்கை உயர்த்திப் பிடித்தாள். "இதுல உன் கை எது?"

அவர் வாய் நிறையப் புல்.

அவள் ஓடவில்லை. குனிந்தாள். தன் காலடியில் நீண்டிருந்த ஒரு குழந்தைக் கையில் ரொட்டியை வைத்தாள். அது மூடிக்கொண்டது.

மற்ற கைகள் மெல்ல அவள் பக்கம் திரும்பின.

அவருடையதும்.