பெரிய மேடத்தின் கையசைவு

பூட்டியே கிடந்த ஒத்திகை அறையின் சாவியைத் துறைத் தலைவர் கொடுத்த அன்றே, பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே போனேன். ஜன்னல் வழியே நல்ல வெயில். பழைய பியானோவின் மர வாசனை. அதோடு, தொண்டைக்காகப் பெரிய மேடம் எப்போதும் வாயில் அடக்கிக்கொள்ளும் கிராம்பின் மணமும். அவர் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

முப்பத்தொரு ஆண்டுகள் அந்தப் பல்கலைக்கழகத்தில் குரல் பயிற்சி கொடுத்தவர். பாடகர் குழுவை நடத்தியவர். மாணவர்களுக்கு அவர் ‘பெரிய மேடம்’. அவரிடமே படித்து, அவருக்கே துணையாசிரியையான நான் ‘சின்ன மேடம்’. வாயைத் திறக்கவே பயந்த என்னைப் பாடகியாக்கியவர். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்: “இடது காது கொஞ்சம் மந்தமாகுதுடி. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்.”

மறுவாரமே மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் போட்டேன். அவருக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை, குழு அபஸ்வரம் பாடினாலும் தெரிவதில்லை என்று. ஆண்டுக் கச்சேரிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய இடம் எனக்குக் கிடைத்தது.

இப்போது அவருக்கான அஞ்சலிக் கச்சேரியையும் நான்தான் நடத்த வேண்டும்.

பாடகர் குழுவின் நாற்பது பேரும் ஒத்திகைக்கு வரிசையில் நின்றார்கள். கையை உயர்த்தினேன். பாட்டு கிளம்பியது. நான்காவது வரியில்தான் கவனித்தேன்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை.

எல்லார் கண்ணும் என் தோளுக்குப் பின்னால் எதிலோ நிலைத்திருந்தது.

திரும்பினேன். வெறும் சுவர்.

வேகத்தைக் கூட்டிக் கையை வீசினேன். அவர்கள் கூட்டவில்லை. கையை இறக்கினேன். பாட்டு நிற்கவில்லை. நான் சொல்லித் தராத ஓரிடத்தில் நாற்பது பேரும் ஒன்றாக மூச்சு இழுத்தார்கள். பெரிய மேடம் மூச்சு வாங்கச் சொல்லும் இடம் அது. முன்வரிசைப் பிள்ளைகள் இந்த ஆண்டுதான் சேர்ந்தவர்கள். அவரைப் பார்த்ததே இல்லை.

கடைசி ஸ்வரம் மெலிந்து, மெலிந்து, கத்தரித்தாற்போல் நின்றது.

என் பிடரியில் கிராம்பு மணத்தோடு ஒரு மூச்சு பட்டது.

“யாரைப் பார்த்துப் பாடினீங்க?” என்று கேட்டேன்.

முன்வரிசைப் பெண் குழம்பிப்போனாள். “உங்களைத்தான் மேடம். நீங்கதானே கை காட்டினீங்க?”

துறைத் தலைவர் அறைக்கு ஓடினேன். “அந்தக் கடிதம் நான் எழுதினது சார். அத்தனையும் பொய்.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரியும்மா. பெரிசா ஒண்ணும் இல்லைன்னு காது டாக்டர் ரிப்போர்ட்டே கொடுத்திருந்தார். ஆனா அவங்க எங்க பேச்சைக் கேக்குற ஆள் இல்ல. உங்க கடிதம் எங்களுக்கு வசதியாப் போச்சு.”

“மேடத்துக்கு இது...?”

“காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. ‘இது என் பொண்ணு எழுத்து’ன்னு மட்டும் சொன்னாங்க.”

அஞ்சலிக் கச்சேரி அன்று காலையில் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டேன். மாலையில் மேடையேறி, நான் செய்ததைச் சபை முன்னால் சொன்னேன். முன்னால் உட்கார்ந்திருந்த மேடத்தின் தங்கை என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனார். குழுவை நடத்துபவர் நிற்கும் மரப்பீடத்தைக் காலியாக விட்டுவிட்டு, பாடகர்களின் கடைசி வரிசையில் போய் நின்றேன்.

காலிப் பீடத்தைப் பார்த்தபடியே அவர்கள் பாடினார்கள். ஒரு மூச்சு பிசகவில்லை. எனக்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்தது.

பீடத்தின் பலகை, ஆள் இறங்கினால் கிறீச்சிடுவதுபோல் கிறீச்சிட்டது.

பிறகு காலடிச் சத்தம். அது வாசல் பக்கம் போகவில்லை.

முன்வரிசை விலகியது. அடுத்த வரிசை விலகியது. எனக்கு நேர் முன்னால் நின்றவளும், யாருக்கோ தலையசைத்தபடி, ஒதுங்கி வழிவிட்டாள்.