கரி மழையில் நனைந்த சட்டை

சாலையோரம் காயப்போட்டிருந்த மிளகாய் வத்தல் மேல் அந்த பைக் ஏறியதும் இசக்கிச்செல்விக்குக் கொதித்துவிட்டது.

“கண்ணைப் பொடதியிலயா வச்சிருக்கீய? வத்தல் காயுதது தெரியலையா?”

பைக்கிலிருந்தவன் தடுமாறி இறங்கினான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை... மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். அதற்குள் கோடை மழை முந்திக்கொண்டது.

அவ்வளவுதான், சண்டை நின்றுபோனது. காயும் வத்தலில் மழை விழுந்தால், வழியே போகிறவர் யாரானாலும் இறங்கிக் கை கொடுப்பார். கை கொடுத்தவரிடம் யாரும் ஊர், பேர் கேட்க மாட்டார்கள். கரிசல் காட்டில் அப்படியொரு வழக்கம். அவனும் குனிந்து இரு கைகளாலும் வாரி வாரிச் சாக்கில் போட்டான். மீதியைத் தார்ப்பாயால் மூடிவிட்டு இருவரும் தகரக் கொட்டகைக்கு ஓடினார்கள்.

அங்கே போய் நின்றதும் அந்த மகராசன் அதே கையால் கண்ணைக் கசக்கினான்!

“ஐயோ... எரியுதே!”

செல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “வத்தல் அள்ளுன கையை யாராவது கண்ணுல வைப்பாவளா? இங்கன காட்டுங்க...”

பாட்டில் தண்ணீரை மெல்ல ஊற்றினாள். சிவந்து கலங்கிய கண்கள் திறந்து... நேரே அவளைப் பார்த்தன. அந்த எரிச்சலிலும் எப்படிச் சிரிக்கிறான் பார்! அவளுக்குத்தான் முகம் சூடேறியது.

“சட்டை போச்சு,” என்று பேச்சை மாற்றினாள். தகரத்திலிருந்து ஒழுகிய மழை அவன் தோளில் கறுப்புக் கோடுகளாக இறங்கியிருந்தது.

“மழைத் தண்ணி ஏன் இப்படிக் கறுப்பா இருக்கு?”

“அங்கன பாருங்க.” சாலைக்கு அப்பால் தீப்பெட்டி ஆலையின் புகைபோக்கி கரும்புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. “அந்தக் கரிதான். வத்தல்லயும் படியுது, எங்க நெஞ்சுலயும் படியுது. வாங்க வந்த யாவாரி வேண்டாம்னுட்டுப் போயிட்டாரு. ஆலைப் புகைக்குக் கட்டுப்பாடு போட்டு அரசாங்கம் புதுச் சட்டம் கொண்டுவரப் போகுதாம்லா? வெள்ளிக்கிழமை கோவில்பட்டியில சனங்ககிட்ட கருத்துக் கேக்குதாவ. நான் பேசப் போறேன்.”

அவன் சிரிப்பு அப்படியே அணைந்தது. மழை விட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான். ஏன்... என்ன தப்பாகச் சொன்னேன்? இரண்டு ராத்திரி அவளுக்குத் தூக்கமில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறும்போதே அம்மா பொன்மணி கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா தீப்பெட்டி அடைப்பது அதே ஆலையில்தான். “ஏட்டி, வேண்டாம்ட்டி. அந்தச் சம்பளத்துலதான் நம்ம அடுப்பு எரியுது.”

மண்டபம் நிறைந்திருந்தது. அம்மாவும் கூடவே வந்து உட்கார்ந்திருந்தாள். செல்வி பேர் சொல்லி அழைத்தார்கள். எழுந்து போய், கரி படிந்த வத்தலை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். திரும்பும்போது வாசலில்... அவன்! அதே சட்டை. கறுப்புக் கோடுகளைத் துவைக்கக்கூட இல்லை. எனக்காகத்தான் வந்திருக்கிறான் என்று மனசு துள்ளியது.

ஆலை முதலாளி தங்கப்பாண்டியன் எழுந்தார். “அது ரோட்டுல போற லாரிக் கரி. எங்க புகை அந்தப் பக்கமே போகாது. இந்தச் சட்டம் வந்தா ஆலையை மூடணும், பொம்பளையளுக்குப் பொழப்பு போகும். இந்தப் புள்ள அம்மாவே எங்ககிட்டதான் வேலை பாக்கா...” நிறுத்தி, பொன்மணியை ஒரு பார்வை பார்த்தார். “இன்னைக்கு வரைக்கும். எம்மவன் ஹரிதான் ஆலையைப் பாத்துக்கிடுதான். ஏலே, வந்து சொல்லு.”

அந்தக் கறைச் சட்டைதான் முன்னே வந்தது.

செல்வி அவனை முறைத்தாள். முதலாளி மகனா! எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஊமையாக நின்றானே... படுபாவி!

ஹரி அப்பாவைப் பார்க்கவில்லை. “அன்னைக்கு மழையில ஒரு லாரியும் போகலப்பா. இவிய கொட்டகையில நான்தான் நின்னேன். இது நம்ம ஆலைக் கரி.” தோளிலிருந்த கறையைத் தொட்டுக் காட்டினான். “சட்டம் வரட்டும். புகைபோக்கிக்கு வடிகட்டி மாட்டுவோம். நமக்கு லாபம் கொறையும், அவ்வளவுதான். இதுக்காக இவிய அம்மாவை நிறுத்துனா, நானும் ஆலைக்கு வரமாட்டேன்.”

தங்கப்பாண்டியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

வாசலில் அவர் கார் மகனை ஏற்றாமலே கிளம்பியது. செல்வி நேரே அவனிடம் போனாள்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லியிருந்தா நீங்க என்னைய அப்படிப் பாத்திருக்க மாட்டீய... அந்தப் பயம்தான்.” அவன் தரையைப் பார்த்தான். “எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு செல்வி. ரொம்ப. வீட்டுப் படி ஏறாதலேன்னு சொல்லிட்டுப் போறாவ அப்பா. இப்ப எங்கிட்ட ஒண்ணும் இல்ல. இருந்தாலும்... சொல்லாம இருக்க முடியல.”

கண் எரிந்தது அவளுக்கு, கையில் வத்தல் இல்லாமலே.

“உங்க பேரு என்ன?”

“இப்பதான உள்ள கேட்டீய... ஹரி.”

“முழுப் பேரு.”

“ஹரிஹரசுதன். எதுக்கு?”

“மழைக்குக் கை கொடுத்தவியள்ட்டதான் பேரு கேக்கக் கூடாது...” பஸ் நிறுத்தத்தில் காத்திருந்த அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறவியள்ட்ட கேக்கணும்லா?”