கூட வந்த பிள்ளை

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் கை கழுவ வெளியே வந்த சகாயராஜிடம் வாட்ச்மேன் சுப்பையன்தான் முதலில் சொன்னார்.

"ஏனுங்க தம்பி, பையனை இப்படி வெயில்ல நிறுத்தி வெச்சிருக்கீங்க. உள்ள கூட்டிட்டு வாங்க. மொதலாளி ஒண்ணுஞ் சொல்ல மாட்டாருங்க."

சகாயராஜுக்குப் பையன் கிடையாது. கல்யாணமே ஆகவில்லை. நெருப்பெரிச்சலில் உள்ள அந்த பனியன் கம்பெனியில் மூன்று வருஷமாக அவன் செக்கிங் பார்க்கிறான். அந்த மூன்று வருஷமும் தினம் காலையில் அவனுக்கு வணக்கம் சொல்லும் சுப்பையனுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆள் மாறிச் சொல்கிறார் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே கம்பெனி கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். இரண்டாயிரத்து நான்காம் வருஷத்து மே மாத வெயில். மழை பார்த்து மூன்று வருஷமாகியிருந்த மண் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. சாலையில் யாரும் இல்லை. ஆனால் மதில் நிழல் முடியும் இடத்தில் ஒரு வாடை நின்றுகொண்டிருந்தது. பக்கத்துச் சலவைப் பட்டறையின் பிளீச்சிங் நெடியை அவனுக்குத் தெரியும். இது அது இல்லை. வெகுநாள் மூடிக்கிடந்த ஈரமும் காய்ந்த இரும்பும் கலந்த வாடை, சரியாக அவன் இடுப்பு உயரத்தில். குனிந்தால் அதிகமானது. நிமிர்ந்தால் இல்லை.

"இங்க யாரும் இல்லையேண்ணே," என்றான்.

சுப்பையன் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு அவன் பக்கத்தில், கொஞ்சம் கீழே பார்த்தார். பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

சாயங்காலம் வேலை முடிந்து சித்ராதேவி வழக்கமான இடத்தில், பேக்கரிக்கு அடுத்த மரத்தடியில் நின்றிருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். கம்பெனியில் அவளுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப்பு வேலை. அவனைப் பற்றி வீட்டில் பேசிவிட்டதாகவும், அடுத்த ஞாயிறு அப்பாவைப் பார்க்க வரவேண்டும் என்றும் இரண்டு நாள் முன்புதான் சொல்லியிருந்தாள். இப்போது அவள் கையில் கடிபடாத பன் ஒன்று இருந்தது.

"அந்தப் பிள்ளைக்கு வாங்கிக் குடுத்தேன். வாங்க மாட்டேங்குது. யாரு கூட வந்தேன்னு கேட்டா உங்களத்தான் கையக் காட்டுது."

எந்தப் பிள்ளை என்று அவன் கேட்டான்.

"அச்சடிச்ச மாதிரி உங்க மூஞ்சி. எந்தப் பிள்ளைன்னு என்கிட்டயே கேக்குறீங்க."

சத்தியமாகத் தெரியாது என்றான். இரண்டாம் முறையும் சொன்னான். சொல்லச் சொல்ல, உண்மை பேசும் தன் குரலே பொய்க்காரன் குரல்போல் காதில் விழுந்தது. எங்கிருந்தோ எழுந்த ஒரு வெட்கம் காது மடல் வரை சுட்டது. செய்யாத குற்றத்துக்கு ஏன் இப்படி உடம்பு கூசுகிறது என்று அவனுக்கு விளங்கவில்லை.

"முன்னாடியே ஒரு கல்யாணம் ஆயிருச்சுன்னு சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன்," என்றாள் அவள். "பெத்ததத் தெரியாதுங்கிறீங்க பாருங்க. அதத்தான் தாங்க முடியல."

பன்னை அவன் காலடியில் இருந்த கல்மேல் வைத்துவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கூச்சம் அவனுக்குப் புதிதல்ல. திண்டுக்கல் பக்கத்தில் சிஸ்டர்கள் நடத்திய அனாதை இல்லத்தில் வளர்ந்தவன் அவன். குளியல் தொட்டியைச் சுற்றி நாற்பது பையன்கள் நிற்கும்போது இவன் மட்டும் பனியனோடு குளிப்பான். அவனுக்குத் தொப்புள் இல்லை. தழும்புகூட இல்லை. வயிறு நெஞ்சிலிருந்து கீழே வரை நீவிவிட்டதுபோல் வழவழவென்று இருக்கும். ஒருநாள் ஒருவன் பனியனைத் தூக்கிக் காட்டிவிட்டான். அதன்பிறகு அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. முட்டையில் பொரிந்தவன் என்றார்கள். பெரிய சிஸ்டர், கர்த்தர் உன்னை அப்படிப் படைத்தார் என்று சொல்லிவிட்டு அவன் வயிற்றைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

இல்லத்தை விட்டு வரும்போது அந்த சிஸ்டர் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருந்தார். எண்பத்து நான்காம் வருஷம் நாலு வயசுப் பிள்ளையாக அவனைக் கொண்டுவந்து விட்டவரின் பெயரும் ஊரும் அதில் இருந்தன. சாமியப்பன், அவிநாசிபாளையம். திருப்பூருக்கு அவன் வேலை தேடி வந்ததே அதற்காகத்தான். வந்தபின் மூன்று வருஷமாக ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்துகொண்டு போகாமல் இருந்தான். எதைக் கேட்க நேருமோ என்ற பயம். அந்தப் பயத்தைப் பற்றியும் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலை, லைன் வீட்டில் அடுத்த அறையில் குடியிருக்கும் குப்பாயி அவன் கதவைத் தட்டி, கொழந்தைக்குக் குடுங்க சாமி, ராத்திரியெல்லாம் வாசப்படியிலயே உக்காந்திருந்துச்சு என்று சொல்லி ஒரு டம்ளர் பாலை நீட்டியபோது, அவன் அந்தப் பாலைக்கூட வாங்காமல் சீட்டை மட்டும் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

தாராபுரம் பஸ்ஸில் கூட்டம். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. ஏறியவர்கள் எல்லாம் அதன் அருகே வந்து, பார்த்து, லேசாகச் சிரித்து, பின்னால் நகர்ந்துபோனார்கள். இன்ஜின் சூடு காலடியில் ஏறியது. ரெக்சின் வெந்த வாடை, மல்லிகை வாடை, வேர்வை, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஈர இரும்பு. கண்டக்டர் வந்து, அரை டிக்கெட் போட வயசு பத்தாது, எடம் அடைக்காம கொழந்தைய மடியில வெச்சுக்குங்க என்றார். சகாயராஜ் டிக்கெட் காசை மட்டும் நீட்டினான். அக்கம்பக்கத்தில் தலைகள் திரும்பின. பெற்றவனுக்கு இருக்கிற அக்கறையைப் பார் என்று ஒரு பெண் சத்தமாகவே சொன்னாள். அவன் ஜன்னலில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டான்.

கோயில்வழி ஸ்டாப்பைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் அவன் தொடைமேல் ஏதோ ஏறியது.

கனம் அதிகமில்லை. ஒரு துணிப்பொதி அளவு. முதலில் ஒரு முழங்கால், பிறகு இன்னொன்று. அசைந்து வசதி பார்த்துக்கொண்டது. பிறகு நெஞ்சில், சட்டையின் இரண்டாவது பொத்தானுக்கு நேராக, ஒரு சின்னத் தலை சாய்ந்தது. அவன் குனிந்து பார்த்தான். கசங்கிய பேன்ட் மட்டும் தெரிந்தது. மூச்சு கேட்டது. அது இழுக்கும்போதுதான் அவனும் இழுக்கிறான் என்பதைக் கவனிக்கச் சிறிது நேரமாயிற்று. மூச்சை அடக்கிப் பார்த்தான். அதுவும் நின்றது.

அவிநாசிபாளையத்தில் இறங்கி ஒரு டீக்கடையில் வழி கேட்டான். மேற்கே வண்டித்தடத்தில் போனால் இரண்டு கிலோமீட்டர் என்றார்கள். வேலியோரம் கிளுவை மரங்கள் இலை உதிர்ந்து நின்றன. உச்சிக்கு ஏறும் வெயில். ஒரு காக்கைகூட இல்லை. அவன் நடந்தான். பின்னால் இன்னொரு நடை கேட்டது. இவன் ஓர் அடி வைத்தால் அது இரண்டு அடி வைத்தது. எட்டிப் பிடிக்க ஓடிவரும் பிள்ளையின் நடை. நின்றான். நின்றது. வேகமாக நடந்தான். அதுவும். ஓடினான். செருப்பு அறுந்தது. ஓடினான். புழுதி சுட்டது. பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். அழுகைக்கு முந்தின விம்மல். அவன் நிற்கவில்லை.

தோட்டத்து வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த கிழவர்தான் சாமியப்பன். மூச்சிரைக்க நின்றவனைப் பார்த்ததும் அவர் யார் என்று கேட்கவில்லை. எழுந்து, செம்பில் தண்ணீர் கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அவன் சட்டையின் கீழ்ப்பொத்தானைக் கழற்றி வயிற்றைப் பார்த்தார். பொத்தானைத் திரும்பப் போட்டுவிட்டார்.

"எங்கூட்டுக்காரி சாகறவரைக்கும் சொல்லீட்டே இருந்தாளுங்க, நீங்க ஒரு நாளைக்கு வருவீங்கன்னு," என்றார்.

அவர் சொன்னதெல்லாம் தரையைப் பார்த்துச் சொன்னதுதான். எண்பத்து நான்காம் வருஷம் மாசி மாதம், பட்டப்பகலில், வானத்திலிருந்து ஒன்று அவர் கிணற்றுக்குள் விழுந்தது. சத்தம் இல்லை. கிணற்றில் இருந்த தண்ணீர் மட்டும் ஒரே மூச்சில் ஆவியாகி மேலே வந்தது. எட்டிப் பார்த்தபோது அடியில் பெரிய அண்டாவைக் கவிழ்த்ததுபோல் ஒரு வழவழப்பு. புகை அடங்கியதும் கிணற்றுப் படியில் ஏறி ஒரு பிள்ளை வந்தது. அதற்கு ஒரு கீறல் இல்லை. எங்கிருந்து எவ்வளவு தூரம் வந்ததோ, பசியில் பேச்சில்லாமல் இருந்தது. மனைவி ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் கொடுத்தாள்.

"குடிச்சு முடிச்சதும் அவ கேட்டாளுங்க. உள்ள வேற ஆராச்சும் இருக்காங்களா கண்ணுன்னு சாடை காட்டித்தான் கேட்டா. நீங்க இல்லைன்னு தலையாட்டுனீங்க."

அன்று இரவு கிணற்றிலிருந்து அழுகுரல் வந்தது. பிள்ளைக் குரல்தான். ஆனால் வீட்டுக்குள் படுத்திருந்த பிள்ளை எப்போது அழுததோ அப்போதெல்லாம் அது அழுதது. இது நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. நாலு நாள். இறங்கிப் பார்க்கப் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தைரியம் வரவில்லை. ஐந்தாம் நாள் ஆள் வைத்துப் பலகைக்கல் போட்டுக் கிணற்றை மூடினார்கள். ஆட்களிடம் பாம்புப் புற்று என்று சொன்னார்கள். பிள்ளையைத் தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தபிறகுதான் அழுகை நின்றது.

"மூடுன பாவி நாந்தான். உங்க மேல தப்பில்லீங்க. நீங்க கொழந்தை," என்றார் சாமியப்பன்.

அது அப்படி இல்லை என்று சகாயராஜுக்குத் தெரியும். ஏனென்றால் இப்போது அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பித்தளை டம்ளரின் சூடு. ஆடை மிதந்த பால். அந்த அம்மா கீழே கை காட்டிக் கேட்டது. கேள்வி புரிந்தது. நன்றாகவே புரிந்தது. டம்ளரில் இன்னும் ஒரு வாய் மிச்சம் இருந்தது. உண்டென்று சொன்னால் அதைப் பங்கு போடுவார்கள் என்று அவன் நினைத்தான். அவ்வளவுதான். அதற்காகத்தான்.

முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அவன் மண்ணில் உட்கார்ந்தான். இருபது வருஷமாகக் காரணம் தெரியாமல் கூசிய உடம்பு இப்போது காரணம் தெரிந்து கூசியது.

கிணறு இப்போதும் மூடியிருக்கிறதா என்று கேட்டான். ஊரெல்லாம் வறட்சி, உள்ளே போர்வெல் போடலாமென்று மகன் போன மாதம்தான் கல்லை எடுத்தான் என்றார் கிழவர். எடுத்த அன்றைக்கே ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். என்ன பார்த்தார்கள் என்று சொல்லவில்லை. பிறகு அவர் குரல் தாழ்ந்தது. அவனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி. உங்க கூட வந்திருக்கறது ஆருங்க?"

நேற்றிலிருந்து நான்கு பேர் வேறு வேறு வார்த்தையில் கேட்ட கேள்வி. நான்கு பேருக்கும் சொல்லாத பதில். சகாயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"என் தம்பிங்கய்யா," என்றான். "நான் விட்டுட்டு வந்தவன்."

சொன்னதும் விரலை ஒரு சின்னக் கை பிடித்தது. குனிந்தான். இந்த முறை தெரிந்தது. நாலு வயசுப் பிள்ளை. வெளுத்த துணி நிறத்தில் தோல். துணியில்லாத உடம்பு. வழவழப்பான வயிறு. முகம் அவன் முகம். கோபம் இல்லை அதில். அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. சகாயராஜின் நெஞ்சில் இத்தனை வருஷம் அடைத்திருந்த ஏதோ ஒன்று இளகியது. மண்டியிட்டு அதைக் கட்டிக்கொள்ளப் போனான்.

அது விலகியது. விரலை விடாமல் இழுத்தது. கிணற்றுப் பக்கம்.

போனான். கிழவர் வேண்டாமென்று ஏதோ சொன்னார். போனான். புரட்டிப் போட்ட பலகைக்கற்கள். கிணற்று விளிம்பு. உள்ளேயிருந்து குளிர் வந்தது. பிள்ளை நின்றது. விரலால் கீழே காட்டியது.

அவன் எட்டிப் பார்த்தான்.

உச்சி வெயில் நேராக அடிவரை விழுந்திருந்தது. கவிழ்த்த அண்டா பிளந்து கிடந்தது. அதன் வாய்க்குள் அடி தெரியவில்லை. அங்கிருந்து படிகளில், சுவர் இடுக்குகளில், ஒருவர் தோள்மேல் ஒருவராக, விளிம்புக்கு ஒரு கை தூரம்வரை நின்றிருந்தார்கள். எல்லாம் நாலு வயசு. எல்லாம் அவன் முகம். எண்ண முடியவில்லை. யாரும் அழவில்லை. அவனைக் கண்டதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முகத்தை நிமிர்த்தினார்கள். இடுப்பில் தூக்கிக்கொள்ளச் சொல்லும் குழந்தைகள்போல் இரண்டு கைகளையும் மேலே நீட்டினார்கள்.