பட்டியலில் முதல் பெயர்

“வாசலத் தாண்டுன... அப்புறம் நான் உனக்கு மகன் இல்ல!”

அழகுமலை கதவை மறித்து நின்றான். மில்லின் காலைச் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. வேலைநிறுத்தம் தொடங்கி இருபத்திரண்டு நாள். சங்கத்தின் காரியதரிசி அவன். அவனைப் பெற்ற சோலையம்மாளோ, நூல் சுற்றும் பிரிவுக்கு வேலைக்குக் கிளம்பி நின்றாள்.

“வழிய விடுய்யா... நேரமாச்சு.”

“அம்புட்டுப் பேரும் பட்டினி கெடக்காக. காரியதரிசியோட ஆத்தா உள்ள போறாளா! எம் மொகத்த எங்க கொண்டு வைக்க?”

“போகாதீங்கத்தே...” என்று நிறைமாத மருமகள் மலையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சோலையம்மாள் அவள் வயிற்றை ஒருமுறை பார்த்தாள். மகனின் கையை விலக்கிவிட்டுத் தெருவில் இறங்கினாள். மில் வாசலில் “கருங்காலி!” என்று கத்தினார்கள். பத்து வருஷம் பக்கத்தில் நின்று வேலை பார்த்த மாயக்காள், மண்ணை வாரித் தூற்றினாள்.

அன்று மாலையே அவளுடைய துணிமூட்டை தெருவில் கிடந்தது. பதினெட்டு நாள் மில்லுக்குள்ளேயே படுத்தெழுந்தாள். பேத்தி பிறந்த சேதிகூட யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

கடைசியில் மில் முதலாளியான துரை இறங்கி வந்தார். கூலி உயர்ந்தது. சோலையம்மாளோடு சேர்த்து உள்ளே வேலைக்குப் போன ஒன்பது பேருக்கும் இனி வேலை கிடையாது என்று சங்கம் ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னது. பட்டியலை எழுதியவன் அழகுமலைதான். பெற்றவளைக் காப்பாற்றினான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே... சோலையம்மாளின் பெயரை முதலில் எழுதிக் கையெழுத்திட்டான். அவள் திருவாதவூருக்கு நடவு வேலைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மேஸ்திரி சுருளி அவனை வழிமறித்தார்.

“ஸ்ட்ரைக் ஆரம்பத்துல பஞ்சுக் கிட்டங்கி தீப்பிடிச்சதுல்ல, அந்தக் கேசுல துரை ஒம் பேர எழுதி வச்சிருந்தாருப்பா. ‘நீ வேலைக்கு வந்தா மகன் பேர எடுத்துருவேன்’னு ஒங்க ஆத்தாட்டச் சொல்லச் சொன்னாரு. போய்ச் சொன்ன பாவி நாந்தான்! செய்யாத குத்தத்துக்கு ஏழெட்டு வருசம் ஜெயில்ல கெடந்திருப்ப...”

அழகுமலை மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு திருவாதவூருக்கு ஓடினான். வயலில் இறங்கி, சேற்றோடு தாயின் காலைக் கட்டிக்கொண்டான்.

“ஆத்தா... எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா!”

“சொன்னா, ஜெயிலுக்கே போறேன்னு நிப்ப. புள்ளத்தாச்சி எப்படித் தாங்குவா?”

“ஒம் பேர அடிக்கச் சொல்றேன். இன்னைக்கே கூட்டத்துல...”

“வேணாம்யா! ஆத்தாள அனுப்பிக் காரியதரிசி தப்பிச்சுட்டான்னுவாக. சங்கம் ஒடஞ்சிரும். இல்ல, தெரியாமத்தான் கேக்கேன்... எம் பேர அடிச்சா, மத்த எட்டுப் பேரு? அவுக எதுக்காக உள்ள போனாகன்னு கேட்டியா?”

அழகுமலை அவள் காலை விட்டுவிட்டு எழுந்தான்.

“வீட்டுக்காவது வாங்கத்தே” என்றாள் மலையம்மாள்.

“வாரேன் தாயி. பேத்தியக் குளிப்பாட்ட வாரேன். அந்த மில்லு வாசலுக்கு மட்டும் வரச் சொல்லாதீக.”

சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினாள். மண்ணைத் தூற்றியபோதும் அழாதவள், அந்தப் பிஞ்சு முகத்தைக் கழுத்தோடு சேர்த்துக்கொண்டு, வரப்பிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.