அனத்தோலிக்குள் இருந்த சாமி

"இன்னிக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போய்க் கரையோரமா நட. ஐஸ்கிரீம் வாங்கித் தரச் சொல்லு. நிதானமா நடங்க, ஒரு அவசரமும் இல்ல" என்றாள் அம்மா. பிறகு வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினாள். "படகைக் கரையேத்துற துறைப் பக்கம் மட்டும் வேண்டாம்."

ஏன் என்று ஆர்கிரோ கேட்கவில்லை. தீவில் எல்லோருக்கும் தெரியும். அன்று அவர்களுடைய படகு அனத்தோலியை உடைக்கப் போகிறார்கள்.

அனத்தோலிக்கு ஒரு குறையும் இல்லை. மீன்தான் வரவரக் குறைந்துவிட்டது. அதனால் அப்பா மீன்பிடி உரிமத்தை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பணம் கிடைக்கும். ஆனால் படகை உடைத்துவிடுவார்கள். விற்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. அதுதான் சட்டம்.

அப்பா கோயிலுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைச் செருப்பைப் போட்டுக்கொண்டு புதன்கிழமை நடந்தார். கைகளைப் பின்னால் கட்டினார். பிறகு பைக்குள் விட்டார். பிறகு வெளியே எடுத்துப் பார்த்தார். அந்தக் கைகளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

கரையோரம் பிறைபோல வளைந்து கிடந்தது. ஒரு கோடியில் படகுத் துறை. மறு கோடியில் விளக்குக் கம்பம். நடுவில் காப்பிக்கடை. அங்கே நடப்பதற்கு ஒரு முறை உண்டு. முதல் சுற்றில் எதிரில் வருபவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். இரண்டாம் சுற்றில் தலையசைத்தால் போதும். மூன்றாம் சுற்றில் இருவரும் கடலைப் பார்த்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் நாள் முழுக்க வணக்கமே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"என்ன ஸ்டமாட்டிஸ், சுற்றுலா வந்திருக்கியா?" என்றார் காப்பிக்கடைக்காரர்.

"ஆமா. ஊர் பிடிச்சிருந்தா ரெண்டு நாள் தங்கலாம்னு இருக்கேன்" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

காப்பிக்கடையிலிருந்து கம்பம். கம்பத்திலிருந்து காப்பிக்கடை. மறுபடியும் கம்பம். அங்கே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து ஆர்கிரோ ஐஸ்கிரீம் தின்றாள். அப்பா தின்னவில்லை. துறைப் பக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். ஐஸ்கிரீம் உருகிச் செருப்பில் சொட்டியது. சத்தம் எதுவும் வரவில்லை.

அப்போது தோழி கத்தீனா சைக்கிளில் வந்து, ஆர்கிரோவைத் தனியே இழுத்துப் போனாள்.

"பொக்லைன்காரர் சும்மாவே உக்காந்திருக்கார்டி. படகுக்குள்ள சாமி படம் இருக்காம். சாமி உள்ள இருக்கிற படகுல கை வைக்க மாட்டேங்கிறார்."

நிக்கோலாஸ் சாமி. கடலில் போகிறவர்களைக் காப்பவர். அப்பா எடுத்திருப்பார் என்று அம்மா நினைத்திருப்பாள். அம்மா எடுத்திருப்பாள் என்று அப்பா நினைத்திருப்பார்.

ஆர்கிரோவின் நெஞ்சு குதித்தது. சாமி அங்கேயே இருக்கட்டும். அனத்தோலியை யாரும் உடைக்க முடியாது.

"அப்போ உடைக்கவே மாட்டாங்களா?"

"நாளைக்கு வேற ஆளை அனுப்புவாங்களாம். வெளியூர்க்காரனா பாத்து."

ஆர்கிரோ அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் காதைக் கொடுத்தபடியே இருந்தார். பல் பிடுங்கப் போனவர் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பதுபோல. நாளைக்கும் இப்படி உட்காருவார். இன்னொரு ஐஸ்கிரீம் உருகும்.

அவள் கத்தீனா பக்கம் திரும்பினாள்.

"சைக்கிளைக் கொடு" என்றாள்.

துறையில் அனத்தோலி தரையில் நின்றது. தண்ணீரில் இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது. மஞ்சள் பொக்லைனின் நிழலில் அதை ஓட்டும் லெஃப்டெரிஸ் மாமா ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தார்.

"உங்கப்பாவை வரச் சொல்லும்மா. வீட்டாளுங்கதான் சாமியை இறக்கணும். நான் தொட மாட்டேன்."

"நானும் வீட்டாள்தான்."

மாமா மெல்லுவதை நிறுத்தினார். எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு ஏணியைப் பிடித்தார்.

உள்ளே டீசலும் காப்பியும் கலந்த வாசம். சுக்கானுக்கு மேலே சாமி படம், புகைபட்டுக் கறுத்துப்போய்த் தொங்கியது. அதன் பின்னால் ஒரு காய்ந்த துளசிக் கொத்து. ஆர்கிரோ கம்பியைப் பிரித்து இரண்டையும் எடுத்தாள். படம் இருந்த இடத்தில் சுவர் சதுரமாய், புது நீலமாய் இருந்தது. அதை ஒருமுறை தொட்டுவிட்டு இறங்கினாள்.

"மாமா, நான் அந்தக் கம்பத்துக்குப் போய்க் கையைத் தூக்குவேன். அப்புறம் ஆரம்பிங்க."

"நீயா தூக்குவே?"

"அப்பா காத்துக்கிட்டே இருக்கார். அது ரொம்பக் கஷ்டம் மாமா."

கம்பத்தடிக்குத் திரும்பி, தன் ஸ்வெட்டரில் சுற்றிய சாமியை அவள் அப்பாவின் மடியில் வைத்தாள். அப்பா பிரித்துப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது.

"நான் மறந்துட்டேன்" என்றார்.

"அம்மாவும்தான்."

"காத்துக்கிட்டிருக்காங்களா?"

"நான் கையைத் தூக்கணும்ப்பா."

அவள் எழுந்து நின்றாள். வளைகுடாவுக்கு அப்பால் மஞ்சளாய் ஒரு புள்ளி தெரிந்தது. கையைத் தூக்கப் பார்த்தாள். கை வரவில்லை. மறுபடி பார்த்தாள். வரவில்லை.

அப்பா சாமியை இடது கையில் அணைத்துக்கொண்டு எழுந்தார். வலது கையால் அவள் கையைப் பிடித்தார். இரண்டு கைகளும் சேர்ந்து மேலே போயின.

முதலில் இயந்திரம் உறுமியது. பிறகு பலகை முறியும் சத்தம்.

"வா, நடக்கலாம்" என்றார் அப்பா. குரல் உடைந்திருந்தது. கன்னம் நனைந்திருந்தது. துடைக்க இரண்டு கைகளும் ஒழியவில்லை.

காப்பிக்கடையை நெருங்கினார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. ஒருவரும் தலையசைக்கவில்லை. அப்பாவின் நனைந்த கன்னத்தைக் கண்டதும் காப்பிக்கடைக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் திருப்பிக்கொண்டார்கள்.

அப்பாவும் மகளும் கடந்து போகும்வரை, கடை முழுவதும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.